விதியார் வண்டிக்கு வெளிச்சம் வந்த வரலாறு

மனிதகுலம் இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடந்துவந்த நெடும்பயணத்தின் கடைசி மைல்கல் எது என்று யாராவது கேட்டால் கொஞ்சமும் தயங்காமல் சொல்லிவிடலாம்: மோட்டார் சைக்கிளின் முன்னால் கூடுதலாக மாட்டப்படும் நான்கு விளக்குகள். தீயைக் கண்டுபிடித்தவன் குளிர் காய்ந்தான், கிழங்கு சுட்டுத் தின்றான். எதிரே வருகிறவனைக் குருடாக்கலாம் என்பது அந்த அப்பாவிக்குத் தோன்றவேயில்லை. அதற்கு நாகரிகம் இவ்வளவு தூரம் வளர வேண்டியிருந்தது.

அந்த மைல்கல்லை விதியார் எட்டிப்பிடித்த கதை இது.

விதியார் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. வாகனப் பரிசோதனை அலுவலகத்தில், விளக்குப் பிரிவில், இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் இருப்பவர். எந்த வாக்கியத்தையும் "விதிப்படி பார்த்தா" என்றுதான் தொடங்குவார். அவர் முன்னால் வந்து நிற்கிறவர்கள் பெருமூச்சு விட்டபடி "எல்லாம் விதி" என்பார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

'இருசக்கர வாகனங்களில் கூடுதல் விளக்குகள்: சட்டமும் ஆபத்தும்' என்ற எட்டுப் பக்கத் துண்டுப் பிரசுரம் அவர் கைவண்ணம். தயாரித்த நிறுவனம் பொருத்தியதைத் தவிர வேறு விளக்கைப் பொருத்துவது குற்றம். முன்பக்கம் சிவப்பு கூடாது. மினுக்கும் நீலம் கூடவே கூடாது. ஒயர் சூடாகும், பாட்டரி செத்துப்போகும், விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரன் கையை விரிப்பான் என்று எல்லாம் அதில் இருந்தது. அலுவலகத்துக்கு வந்த பொதுமக்கள் அதை ஆவலோடு வாங்கி, தூசி படிந்த பெஞ்சில் விரித்து உட்கார்ந்தார்கள். இப்படியாக அந்தப் பிரசுரம் மக்களுக்கு 'அடிப்படை' ஆனது.

ஒருநாள் சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், தண்ணீர்த் தொட்டி வளைவில் எதிரே ஒரு வெளிச்சம் வந்தது. வண்டி வந்ததா, ஆள் வந்தாரா என்பதெல்லாம் தெரியவில்லை. வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். விதியார் கண்ணைத் திறந்தபோது முன்சக்கரம் யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த மணலுக்குள்ளும், கொஞ்சம் மணல் அவருடைய சட்டைப் பைக்குள்ளும் இருந்தன. உடம்பில் அடி இல்லை. மனசில் பலத்த அடி. விளக்குப் பிரிவையே விளக்கால் அடிப்பதா?

வீட்டில் மனைவி அவர் சட்டையை உதறிக்கொண்டே கேட்டாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். யார் கையை நீட்டினாலும் பேசிக்கொண்டே நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"உங்க ஆபீஸ்லயே ஒரு புகார் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தா யாரு விசாரிப்பா?"

"நீங்கதான்."

"அதான் யோசிக்கிறேன். அந்த ஆளு ஃபைலை எப்ப எடுப்பான்னு எனக்கே தெரியாது."

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த பிறகு இரண்டு முள்ளையும் என்ன செய்வது என்று சொல்லவில்லை. விதியார் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைத்தெருக் கோடியில் இருந்த ஜிகினாவின் கடைக்குப் போனார்.

ஜிகினா என்பவர் வண்டி அலங்காரக் கடைக்காரர். அவர் கடையில் மினுங்காத பொருள் அவர் மட்டும்தான். விதியாரைப் பார்த்ததும் சோதனை என்று நினைத்துக் கதவைப் பாதி இழுத்துவிட்டார். பிறகு விஷயம் தெரிந்து முழுசாகத் திறந்தார்.

"சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். இதெல்லாம் விக்கிறது சரியா?" என்றார் விதியார்.

"விக்கிறது சரிதான் சார்."

"வாங்குறது?"

"அதுவும் சரி."

"மாட்டுறது?"

"மாட்டிக் காட்டுறதும் சரி. கடைக்குள்ளதானே."

"ரோட்ல எரியவிட்டா?"

"அது உங்க ஆபீஸ் சமாச்சாரம். அதுல நான் எப்படி சார் தலையிடுறது?"

அட்டைப்பெட்டியின் ஓரத்தில் கடுகளவு எழுத்தில் ஏதோ இருந்தது. விதியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தும் புரியவில்லை. ஜிகினா ஒரு விளக்கை எரியவிட்டுக் காட்டினார். 'பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல.'

"பாத்தீங்களா, எவ்வளவு தெளிவா தெரியுது," என்றார் ஜிகினா பெருமையோடு.

"பொதுச் சாலைல இல்லன்னா வேற எங்க?"

"காட்டுல, மலைல, ஆத்துல."

"எனக்குக் காடு கிடையாதே."

"யாருக்குமே கிடையாது சார். மாசம் நாப்பது பேர் மாட்டிட்டுப் போறாங்க. எல்லாரும் காட்டுக்குத்தான் போறாங்கன்னு நான் நெனச்சுக்கறேன். நாம நல்லதையே நெனைப்போமே."

இருபத்திரண்டு ஆண்டுகளில் இவ்வளவு தெளிவான சட்ட விளக்கத்தை விதியார் கேட்டதில்லை. விளக்கு விற்கிறவனுக்குத்தான் விளக்கவும் தெரிகிறது. கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஒயர் சூடாகி உருகாதா?"

"உருகும். அதுக்கு முன்னாடி ஒரு வாசனை வரும் சார். அதான் எச்சரிக்கை."

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. நடுவில் வெள்ளை இரண்டு, பக்கத்துக்கு ஒரு நீலம். நிறுவனம் கொடுத்த பழைய ஹெட்லைட் அவற்றுக்கு நடுவில், சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஏழை உறவுக்காரன் மாதிரி ஒடுங்கி நின்றது. விளக்கைப் போட்டால் ஹாரன் முனகியது. ஹாரனை அடித்தால் விளக்கு இமைத்தது. இரண்டும் கூடிப் பேசிக்கொண்டு வேலை செய்தன.

அன்று இருட்டத் தொடங்கிய நேரத்தில் விதியார் செய்த பயணத்தை எவ்வளவு சொன்னாலும் தகும். மனிதர்களிடையே மரியாதை குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் அன்று அவர் பின்னால் உட்கார்ந்து வந்திருக்க வேண்டும். எதிரே வந்த அத்தனை பேரும் நெற்றிக்குக் கையை உயர்த்தினார்கள். சிலர் தலையைக் குனிந்தே விட்டார்கள். ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று வழிவிட்டார். ஒரு லாரி ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விதியாருடைய தாயாரை நினைவுகூர்ந்தார். மூத்தோரை விசாரிக்கும் பண்பு இன்னும் சாகவில்லை என்று விதியார் நெகிழ்ந்தார்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதில் வந்தவரும் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். பிறகு ஸ்கூட்டர் தள்ளாடியது. பிறகு படுத்துக்கொண்டது. பக்கத்தில் யாரோ விழுந்து கிடப்பது போல் தெரிந்தது; ஹெல்மெட்டும் நிழலுமாக இருந்ததில் ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை.

இந்த இடத்தில் சாமானியனாக இருந்தால் நிறுத்தியிருப்பான். ஆனால் வளைவில் வாகனத்தை நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. விதியார் ஒரு கணம் வேகத்தைக் குறைத்தார். பின்னால் யாராவது வருவார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வளைவைக் கடக்கும்போது ஓர் ஓட்டுநர் என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் பிசகாமல் செய்து கடந்து போனார்.

வீட்டுக்கு வந்து, வண்டியை வாசலைப் பார்த்து நிறுத்தி, மனைவி வந்ததும் ஒரே நேரத்தில் நான்கையும் எரியவிட்டு அசத்த வேண்டும் என்று சாவியில் கைவைத்துக் காத்திருந்தார். வழக்கமாக வரும் நேரத்துக்கு அவள் வரவில்லை. இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று. தெருமுனையில் ஒரு உருவம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு கண்ணாடி உடைந்து தொங்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

சாவியில் இருந்த கை தானாக இறங்கியது. மூலையில் கிடந்த தார்ப்பாயை எடுத்து வண்டிமேல் போர்த்திவிட்டு ஓடினார்.

"என்னம்மா ஆச்சு?"

"வளைவுல விழுந்துட்டேன். எதிர்ல ஒருத்தர் சூரியனைக் கட்டி இழுத்துட்டு வந்தாரு."

"எந்த... எந்த மாதிரி வண்டி?"

"வண்டி எங்க தெரிஞ்சுது. நடுவுல ரெண்டு வெள்ளை, ரெண்டு பக்கமும் நீலம்." வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். "வண்டிக்கு எதுக்குங்க போர்வை?"

"பனி."

"இந்தப் புழுக்கத்துலயா?"

அவளை உட்காரவைத்துக் காயத்தைத் துடைத்தார். "பஞ்சை அழுத்தாதீங்க, ஒத்தி ஒத்தி எடுங்க," என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். மண்ணும் தோலும் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவள் பல்லைக் கடித்தபோது, 'நான்தான்' என்ற சொல் அவர் தொண்டை வரை வந்தது. வந்த சொல்லை எச்சிலோடு விழுங்கிவிட்டார்.

"நாளைக்கு ஒரு புகார் குடுக்கலாம்னு இருக்கேன்," என்றாள்.

"எங்க?"

"உங்க ஆபீஸ்லதான். விளக்குப் பிரிவுன்னு போர்டு எழுதித் தொங்குதே."

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, கையில் கட்டோடு, வரிசையில் நின்று, அவர் ஜன்னலுக்கு முன்னால் வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். விதியார் படிவத்தை எடுத்தார்.

"பேரு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"விதிப்படி கேட்டுத்தான் எழுதணும்."

சொன்னாள். எழுதினார்.

"கணவர் பேரு?"

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "அதையும் கேட்டுத்தான் எழுதுவீங்களா?"

அதையும் கேட்டுத்தான் எழுதினார். 'பொருள்: வளைவில் ஒளியால் ஏற்பட்ட வீழ்ச்சி. பார்வை: அந்நேரம் இல்லை' என்று எழுதி, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று வாயாலும் சொன்னார்.

புகார் மேலதிகாரியிடம் போனது. ஒரு மணி நேரத்தில் அதே காகிதம் அவர் மேசைக்கே திரும்பி வந்தது. எந்தக் காகிதமும் அந்த அலுவலகத்தில் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை. ஓரத்தில் பச்சை மையில் 'விதியார் விசாரிக்கவும்' என்று இருந்தது. அவர் பதறிப்போய் மேலதிகாரியின் அறைக்கு ஓடினார்.

"சார், இது என் வீட்டம்மா குடுத்தது. நான் விசாரிச்சா சரியா இருக்குமா?"

"ஏன்யா, உங்களைவிட அக்கறையா வேற யாரு விசாரிப்பா? அந்தப் பயலை விடாதீங்க."

விதியார் அந்தப் பயலை விடாமல் தேடினார். அளவு நாடாவோடு வளைவுக்குப் போய், தேய்ந்த தடத்தை அளந்தார். ஜல்லியில் ஒரு செருப்பு கிடந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை ஆதாரமாகக் கட்டாமல் பைக்குள் போட்டு, வீட்டு வாசலில் அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தார். விசாரணை அதிகாரி ஆதாரத்தை வாதியிடமே ஒப்படைத்தது அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜிகினாவிடம் போனார்.

"எல்லாத்தையும் கழட்டணும்."

ஜிகினா குனிந்து பார்த்தார். "கழட்டினா பழைய லைட்டும் எரியாது சார். ரெண்டும் இப்ப ஒரே குடும்பமாயிடுச்சு. புது ஒயர் செட் வந்தாத்தான் பிரிக்க முடியும். பத்து நாள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"பகல்ல ஓட்டுங்க."

அவர் வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தார். அன்றிலிருந்து அலுவலகத்துக்கும் நடைதான். மனைவி கேட்டபோது, நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார். அவள், "நல்லது," என்றாள். அவள் காயம் பொருக்குத் தட்டிக்கொண்டு வந்தது. தினமும் கட்டு மாற்றுகிற வேலையை அவர் யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். தினமும் ஒருமுறை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். தினமும் வாயிலிருந்து "வலிக்குதா?" என்பதுதான் வந்தது.

எட்டாம் நாள் அறிக்கை எழுதினார். 'தீவிர விசாரணைக்குப் பின்னரும் வாகனம் அடையாளம் காணப்படவில்லை.' இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் எழுதிய முதல் பொய் அது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

அறிக்கையின் மேல் இறுதிக் கூட்டம் நடந்தது. மேலதிகாரி, விதியார், புகார்தாரர் என்று மூன்று பேர். நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டியவர் விதியார்.

மேலதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "அம்மா, நாங்க எங்களால ஆனதையெல்லாம் பண்ணிட்டோம். வண்டி நம்பர் இல்ல, ஆள் அடையாளம் இல்ல. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருதா? இல்லன்னா முடிச்சுக்கலாம்."

"ஞாபகம் இருக்கு சார்," என்றாள் அவள். "நான் விழுந்ததும் தலையத் தூக்கிப் பாத்தேன். அந்த வண்டி வேகத்தைக் குறைச்சுது. சரி, நிறுத்தித் தூக்கிவிடப் போறாரு போலன்னு நெனச்சேன். அவரு இண்டிகேட்டர் போட்டாரு."

"என்னது?"

"இண்டிகேட்டர். அது போதாதுன்னு கையையும் நீட்டிக் காட்டினாரு. அப்படியே என்னை ஒரு சுத்து சுத்தி, அந்தப் பக்கம் போனதும் மறுபடி இந்தப் பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டு, தன் வழிக்கு வந்து, போயிட்டாரு."

விதியாரின் பேனா நின்றது. மேலதிகாரியின் முகம் மட்டும் நான்கு விளக்கு மாட்டியது போல ஆயிற்று.

"விழுந்து கிடக்கிற ஆளைச் சுத்திப் போறதுக்கா? இண்டிகேட்டரா? கையுமா?" அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அம்மா, முன்மாதிரி ஓட்டுநர் விருதுன்னு நம்ம அலுவலகத்துல ஒண்ணு இருக்கு. மூணு வருஷமா குடுக்க ஆள் கிடைக்கல. ரோட்ல திரும்புறதுக்கே ஒருத்தனும் இண்டிகேட்டர் போடறதில்ல. இந்த மனுஷன் ஒரு ஆபத்து நேரத்துல நிதானம் தவறாம... இவரைக் கண்டுபிடிச்சே ஆகணும்."

"விளக்கு மாட்டியிருந்தாரே சார்."

"அது சின்னக் குற்றம். அபராதம் போட்டுக் கழட்டச் சொல்லிடலாம். விருது வேற."

"கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல சார். இந்த ஊர்ல அப்படி ஓட்டுறவங்க ரெண்டு பேர் இருக்க மாட்டாங்க," என்று அவள் குறிப்பு எழுதுகிறவரைப் பார்த்தாள்.

விதியார் பேனாவை மூடினார். எழுந்து நின்றார். எட்டு நாளாகத் தொண்டையில் கிடந்தது கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தது.

"நான்தான் சார்."

மேலதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "எனக்கு அப்பவே தோணுச்சு. வேற எவனுக்கு வரும்யா இந்த விதி பக்தி."

விதியாரும் மனைவியும் படியிறங்கி வந்தார்கள். கடைசிப் படியில் விதியார் கேட்டார்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"ரெண்டாவது இண்டிகேட்டர்லயே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். எட்டு நாள் பாத்தேன்."

"சத்தியமா நீதான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்."

"நிறுத்தியிருப்பீங்க," என்றாள் அவள். "அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. நானா இல்லாம இருந்தா?"

விதியார் வாயைத் திறந்தார். 'விதிப்படி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல வேளை, அங்கேயே நின்றுவிட்டது. அவளுடைய பையைக் கேட்டு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, வீடு வரை கூடவே வந்தார்.

புது ஒயர் வந்ததும் விளக்குகளைக் கழற்றினார். தனக்குத்தானே அபராத ரசீது எழுதி, தானே கட்டி, தானே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் சாலையோரம் யாராவது சும்மா உட்கார்ந்து இளைப்பாறினால்கூட நிறுத்தி, "அடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்கிறார். ஜனங்கள் கொஞ்சம் பயப்படுகிறார்கள்.

ஆனால் கோப்பில் எழுதினது எழுதினதுதான். அடுத்த மாதமே விருது வந்துசேர்ந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, தங்க எழுத்தில், அரசு முத்திரையோடு. விதியார் அதை அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தார். மனைவி விடவில்லை. ஆணி அடித்து, கூடத்தில், உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அட, எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்காமல் இருப்பதில்லை. விதியார் உடனே ஏதாவது வேலையாக உள்ளே போய்விடுவார். அவள்தான் வந்தவர்களை உட்காரச் சொல்லி, டம்ளரைக் கையில் கொடுத்து, நிதானமாக விளக்குவாள்:

"கட்டின பொண்டாட்டி நடுரோட்ல விழுந்து கிடந்தப்ப, ரெண்டு பக்கமும் ஒழுங்கா சைகை காட்டிச் சுத்திக்கிட்டுப் போனாரு. அதுக்குக் குடுத்தது."